இன்றைக்கு எத்தனை மீட்டர்? ஸ்ட்ரோக்கை எண்ணி முடிவு செய்யும் முறை

சிங்கப்பூரில் தோ பாயோ பக்கம் பெற்றோர் சிலர் சேர்ந்து, சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்கு நீச்சல் பயிற்சி கொடுக்கிறோம். எல்லாரும் சுவிம்சேஃபர் என்ற நீச்சல் திட்டத்தில் கடைசி நிலையான கோல்டு முடித்தவர்கள், பள்ளி அணியில் இருப்பவர்கள் அல்லது அதில் சேர ஆசைப்படுபவர்கள். பயிற்சி முடிந்ததும் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி "இன்றைக்கு எத்தனை மீட்டர்?" என்பதுதான். தூரம் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் களைத்துப்போய் முழங்கை தொங்க ஆரம்பித்த பிறகு நீந்தும் ஒவ்வொரு லேப்பும் அந்தத் தொங்கும் முழங்கையைத்தான் உடம்புக்குப் பழக்குகிறது, தோள்பட்டை வலியும் பெரும்பாலும் அப்படித்தான் வந்து சேர்கிறது. எங்கே நிறுத்துவது என்பதற்கு நாங்கள் பின்பற்றும் முறை இது, ஃப்ரீஸ்டைலுக்கு மட்டும்.

முதலில் அடிப்படை எண், அதாவது களைக்காதபோது 50 மீட்டருக்கு எத்தனை ஸ்ட்ரோக் (கைவீச்சு) என்பது. 400 மீட்டர் வார்ம்-அப். அப்புறம் நிதானமான வேகத்தில் நான்கு முறை 50 மீட்டர், நடுவில் 30 விநாடி ஓய்வு. ஒவ்வொரு ஐம்பதிலும் இரண்டு கையின் ஸ்ட்ரோக்கையும் எண்ணி, சராசரி எடுத்துக்கொள்ளுங்கள். 44 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம்.

இங்கேதான் பலருக்குக் கணக்கு குழம்பும். பிள்ளை புத்துணர்ச்சியோடு இருக்கும்போது சுவரை நன்றாக உதைத்து, நீருக்கடியில் வெகுதூரம் போய்த்தான் மேலே வரும். களைத்ததும் உடனே தலையைத் தூக்கிவிடும். கை அப்படியே இருந்தாலும் எண்ணிக்கை இரண்டு மூன்று கூடிவிடும், நாம் ஸ்ட்ரோக் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். அதனால் சுவரிலிருந்து எண்ணாதீர்கள். குளத்துக்குக் குறுக்கே கட்டும் பேக்ஸ்ட்ரோக் கொடிகள் சுவரிலிருந்து 5 மீட்டரில் தொங்கும், தலை அதைத் தாண்டிய பிறகு விழும் முதல் கைதான் ஒன்று. கொடி கட்டாத பொதுக் குளத்தில் கரையோரம் அதே தூரத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலை நிறுத்திவைத்தால் போதும். சுவரை உதைப்பதைத் தனியாகப் பாருங்கள், அதற்கும் பயிற்சி தேவை. சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங் 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் 50.39 விநாடியில் தங்கம் வென்ற 100 மீட்டர் பட்டர்ஃபிளை இரண்டே லேப்தான், அதில் ஒவ்வொரு லேப்பிலும் 15 மீட்டர் வரை நீருக்கடியில் போக விதி இடம் கொடுக்கிறது.

அடுத்து டிரில், அதாவது நுட்பத்துக்கான பயிற்சி, எட்டு முறை 50. முதல் 25 மீட்டர் முஷ்டியை மூடிக்கொண்டு, அடுத்த 25 கையை விரித்து. மூடிய முஷ்டியால் தண்ணீரைப் பிடிக்க முடியாது என்பதால் முன்கை தானாக வேலை செய்ய ஆரம்பிக்கும், விரித்ததும் அந்தப் பிடி அப்படியே தொடரவேண்டும். தொடர்கிறதா என்று கரையில் நடந்துகொண்டே பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரே டிரில் போதும்.

மெயின் செட் பத்து முறை 100 மீட்டர், 20 விநாடி ஓய்வு. ஒவ்வொரு நூறிலும் இரண்டாவது ஐம்பதை மட்டும் எண்ணுங்கள். எங்கள் எல்லை அடிப்படை எண்ணோடு மூன்று, அதாவது 47. தாண்டினால் ஓய்வில் 10 விநாடி கூட்டுங்கள். மறுபடியும் தாண்டினால் ஒவ்வொரு நூறையும் 50 மீட்டராகக் குறையுங்கள். அப்போதும் தாண்டினால், சரி, 200 மீட்டர் கூல் டவுன், கரையேறலாம். பத்தும் எல்லைக்குள் முடிந்தால் அடுத்த வாரம் இரண்டு நூறு கூட்டலாம். முழு வேக ஸ்பிரிண்ட் செட்டுக்கு இந்த எல்லை பொருந்தாது, அதில் கை வேகம் கூடுவதால் எண்ணிக்கையும் கூடத்தான் செய்யும்.

கையில் மாட்டும் பேடில் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து, களைத்த தோளில் அது கூடுதல் சுமை. டிரிலின்போது கால் மூழ்குகிறவர்களுக்குச் காலில் மாட்டும் சின்ன ஃபின்ஸ் நல்லது.

பிற்சேர்க்கை: இதைப் படித்த ஒரு அம்மா, தன் பையன் எண்ணைக் குறைக்க ஒவ்வொரு கைக்கும் நடுவில் மிதந்துகொண்டே போகிறான் என்று எழுதியிருந்தார். அப்படியானால் 50 மீட்டருக்கு ஆன விநாடிகளையும் எண்ணிக்கையோடு கூட்டிக்கொள்ளுங்கள்: 44 ஸ்ட்ரோக், 46 விநாடி, மொத்தம் 90. மிதந்தால் விநாடி ஏறி மொத்தம் காட்டிக்கொடுத்துவிடும். இன்னொருவருக்கு கார்மின் கடிகாரம் 22 என்று காட்டியதாம். அது கடிகாரம் கட்டிய கையை மட்டும் எண்ணும், இரண்டால் பெருக்குங்கள்.

இடி மின்னல் எச்சரிக்கை வந்து எல்லாரையும் கரையேற்றி, திரும்ப இறங்கும்போது அரை மணி நேரம்தான் மிச்சம் என்றால், பலர் டிரிலை விட்டுவிட்டு நேராக மெயின் செட்டுக்குப் போகிறார்கள். நாங்கள் டிரிலை முழுதாக முடித்துவிட்டு நூறுகளை நான்காகக் குறைத்துக்கொள்கிறோம்.