ஜன்னல் திட்டில் மரப்பலகை: பதிக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

தை முகூர்த்தத்தில் பால் காய்ச்ச நாள் குறித்துவிட்டால், டெல்டாவில் மர வேலை முழுக்க ஐப்பசி, கார்த்திகையில் வந்து மாட்டிக்கொள்ளும். வெளியே அடைமழை, உள்ளே பூச்சு காயாத சுவர். ஜன்னலின் உள்திட்டில் மரப்பலகை பதிக்க இதைவிட மோசமான நேரம் கிடையாது. அதிலும் கிரானைட் பதிப்பது போல ஈரக் கலவையைக் கொட்டி, அதன்மேல் பலகையை அமுக்கிவிட்டுப் போனால் கதை முடிந்தது.

அடிப்பக்கம் கலவையின் ஈரத்தைக் குடித்து விரியும். பாலிஷ் போட்ட மேல்பக்கம் அவ்வளவாக விரியாது. அதனால் இரண்டு விளிம்பும் தூக்கிக்கொண்டு நடுவில் பள்ளம் விழும். அப்புறம் ஆசாரியைத் திட்டிப் பயனில்லை. திட்டு காய்ந்ததா என்று பார்க்க, ஒரு சதுர அடி பாலிதீன் தாளை அதன்மேல் விரித்து நான்கு ஓரமும் டேப் ஒட்டிவிடுங்கள். மறுநாள் காலையில் தாளின் அடியில் முத்து முத்தாக வியர்த்திருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும்.

"கண்ணுக்குத் தெரியாத பக்கத்துக்கு எதற்குங்க செலவு?" என்று கேட்பார்கள். என்னைக் கேட்டால், காசு மிச்சம் பிடிக்கக் கூடாத இடமே அதுதான். மேலே எத்தனை கோட்டோ, கீழேயும் அத்தனை. இரண்டு வெட்டுமுனைகளையும் மறக்காதீர்கள்; மரம் அதிகமாக ஈரம் இழுப்பது அங்கேதான். நிலைக்கு அடிப்பது போல அடிப்பக்கத்துக்கு முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் அடித்தாலும் நல்லது, கரையானுக்கும் ஆகும். கையுறை இல்லாமல் தொட்டால் தோல் வெந்துவிடும்.

பலகையை நான்கு பக்கமும் இறுக்கிப் பூட்டுவது இன்னொரு தவறு. மரம் நீளவாக்கில் அசையாது, அகலவாக்கில்தான் அசையும். பத்து அங்குலத் தேக்குப் பலகை சித்திரைக்கும் கார்த்திகைக்கும் நடுவே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடிக் குறையும். ஜன்னல் சட்டத்தை ஒட்டிய பக்கத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துவிட்டு, முன்பக்கத் துளைகளைப் பலகையின் அகலவாக்கில் சற்று இழுத்து விடுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் இரும்புத் திருகு துருப்பிடித்து மரத்தில் கறுப்புக் கறை இறக்கும். பித்தளையோ எவர்சில்வரோதான் சரி.

கொல்லையில் நின்ற இளந்தேக்கை அறுத்துப் போடுகிறவர்கள் வைரம் பாயாத வெள்ளைப் பகுதியைக் கழித்துவிட வேண்டும். கலர் பூசி மறைத்தால் உங்களுக்குத் தெரியாது, கரையானுக்குத் தெரியும்.

பாலிஷுக்கு முன் உப்புத்தாளை ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். குறுக்கே தேய்த்த கீறல் கலர் ஏறியதும் பல்லிளிக்கும். மழை நாளில் பிரெஞ்சு பாலிஷோ லாக்கரோ அடித்தால் பால் தெளித்தாற்போல வெளுத்துவிடும். இரண்டு வெயில் நாள் கிடைக்கும்வரை காத்திருக்கலாம், முகூர்த்தம் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. ஆளிவிதை எண்ணெய் தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்டுப் பிறகு எறியுங்கள்.

வெளித்திட்டின் சரிவையும் ஒருமுறை பாருங்கள். ஒரு குவளை தண்ணீர் ஊற்றி அது உள்நோக்கி ஓடினால், ஆசாரிக்கு முன் கொத்தனாரைக் கூப்பிட வேண்டும்.