காது ஆபரேஷனுக்கு அப்புறம் சுத்தம் செய்வதில் நடக்கும் தவறுகள்

காதுக்குள் இருக்கும் தோல் ஒரே இடத்தில் நிற்பதில்லை. செவிப்பறையின் நடுவில் தொடங்கி ஓரத்துக்கும், அங்கிருந்து காதுக் குழாய் வழியாக வெளியேயும் நாளுக்கு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் நகர்ந்துகொண்டே இருக்கும், கிட்டத்தட்ட நகம் வளரும் வேகம். உதிர்ந்த தோல், தூசி, குரும்பி எல்லாம் அதோடு வெளியே வந்துவிடுவதால்தான் நல்ல காதைக் குடையவே தேவையில்லை. ஆபரேஷனில் இந்தப் பாதை அறுபடுகிறது. செவிப்பறை ஓட்டையை அடைத்த காதில் அது மறுபடி சீராக வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும்.

அந்த இடைவெளியில்தான் பலர் பட்ஸைக் கையில் எடுக்கிறார்கள். ஆபரேஷனில் டாக்டர் உள்ளே வைத்த, தானே கரையும் பஞ்சு பழுப்பாக, லேசாக ரத்தம் கலந்து கசியும். அதை அழுக்கு என்று நினைத்துத் துடைக்கப் போனால் ஒட்டுப் போட்ட ஜவ்வே நகர்ந்துவிடலாம். காதின் வெளியோரத்தை மட்டும் துடையுங்கள், போதும்.

இதற்கு நேர் எதிரான தவறு இன்னும் மோசம் என்பேன்: "காது தானே சுத்தம் செய்துகொள்ளும்" என்று டாக்டரிடம் போவதையே நிறுத்திவிடுவது. மாஸ்டாய்டு (காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு) ஆபரேஷனில் காதுக் குழாயின் பின்சுவரையும் எடுத்திருந்தால், உள்ளே ஒரு பெரிய குழி உண்டாகிவிடும். பல குழிகளில் தோல் வாசல்வரை நகர்ந்து வருவதில்லை. உதிர்ந்த தோல் மூலைகளில் சேர்ந்து, ஈரம் பட்டு ஊறி, சீழ் பிடிக்கும், அதுவும் ஆரம்பத்தில் வலியே இல்லாமல். அதனால் காது நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை, டாக்டர் சொல்லும் இடைவெளியில், மைக்ரோஸ்கோப்பில் பார்த்து உறிஞ்சி எடுக்க வேண்டியிருக்கும். இதைப் பலர் வாழ்நாள் முழுக்கத் தொடர வேண்டிவரும்.

அப்புறம் தண்ணீர் பீச்சிக் கழுவுவது. அந்தக் குழியில் சமநிலையைக் காக்கும் அரைவட்டக் குழாய் மிக அருகில் இருக்கிறது, தண்ணீர் உடல் சூட்டைவிடக் கொஞ்சம் குளிர்ந்திருந்தாலே தலை சுற்றி விழவைக்கும். சொட்டு மருந்தையும் உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றிவிட்டு விடுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய சொட்டு மருந்து, எண்ணெய், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் சில மருந்துகள் உட்காதையே கெடுக்கும். மூக்கை அழுத்திச் சிந்துவதையும் டாக்டர் சரி என்று சொல்லும்வரை தள்ளிப்போடுங்கள்.

நாற்றமடிக்கும் சீழ், கூடிக்கொண்டே போகும் வலி, தலைசுற்றல் வந்தால் உடனே போங்கள். முகம் ஒரு பக்கம் கோணினால் அன்றைக்கே. வீட்டுக்குக் கிளம்பும்போது பின்சுவரை எடுத்தார்களா, விட்டுவைத்தார்களா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், நாளைக்கு வேறு டாக்டர் பார்க்க நேர்ந்தால் அவர் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.