பழைய தங்கம் விற்கப் போகிறீர்களா? முதலில் இந்தப் பெருக்கலைப் பாருங்கள்

அம்மாவின் டப்பாவில் அறுந்த செயின், ஜோடி தொலைந்த ஒற்றைக் கம்மல், திருகாணி இல்லாத தோடு, நெளிந்த மோதிரம் இரண்டு என்று ஒரு கைப்பிடி கிடந்தது. கோவை டவுன்ஹால் பக்கம் ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் கால்குலேட்டரைத் தட்டிக் காட்டிய தொகைக்குத் தலையாட்டவே போய்விட்டேன். ஏதோ உறுத்தியதால் நகையைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தேன். உறுத்தல் சரிதான் என்று வீட்டில் கணக்குப் போட்டபோது தெரிந்தது. அதற்குக் கீழே வருகிறேன்.

முதலில் வீட்டிலேயே எடை போடுங்கள். சமையல் தராசு உதவாது. 0.01 கிராம் காட்டும் குட்டித் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது சரியா என்று பார்க்க ஒரு வழி: 2011 முதல் 2018 வரை ஆண்டு பொறித்த, ₹ சின்னம் போட்ட 1 ரூபாய் நாணயம் 3.79 கிராம். தேயாத நாணயமாக எடுத்து வைத்துப் பாருங்கள்.

அப்புறம் முத்திரை பார்த்துப் பிரியுங்கள். 916 என்றால் 22 காரட், 750 என்றால் 18. ஒவ்வொரு நகைக்கும் தனியாகப் பொறிக்கும் ஆறு எழுத்து எச்.யு.ஐ.டி. எண் இருந்தால், அதை முத்திரை சரிபார்க்கும் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்க்கலாம். முத்திரையே இல்லாத பழைய நகையையும் தாராளமாக விற்கலாம், பயப்பட வேண்டாம். ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகத் தட்டில் கொட்டாதீர்கள். ஒரு மோதிரத்தை மட்டும் மெஷினில் வைத்துவிட்டு, அந்த டச்சையே (நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்தத் தங்கம் என்ற கணக்கு) மொத்தத்துக்கும் போட்டுவிடுவார்கள்.

கல் இருந்தால் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். “கல்லுக்கு ஒரு கிராம் கழிச்சிக்கலாம்” என்ற குத்துமதிப்புக்கு ஒத்துக்கொள்ள வேண்டாம். பிரித்த கல்லையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

டச் பார்க்கும் காரட் மெஷின் நகையின் மேல்தோலை மட்டும்தான் படிக்கும். பொடி வைத்து ஊதிப் பற்றவைத்த இடத்தில் குறைத்துக் காட்டும், முலாம் மேல் கூட்டிக் காட்டும். மூன்று இடத்திலாவது வைக்கச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் உருக்கிப் பார்ப்பதுதான் நல்லது. பிறகு விற்கப் போனபோது எங்கள் செயினை மூசையில் (உருக்கும் கிண்ணம்) போட்டு, வெண்காரம் தூவி, கேஸ் சுடரைக் காட்டினார்கள். அழுக்கு கருகிப் புகைந்தது. ஒரு நிமிடத்தில் செந்நிறச் சொட்டாகத் திரண்டு உருண்டது. உருக்கும் முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். அழுக்கும் அரக்கும் போவதால் எடை கொஞ்சம் குறையும். மூசையை உள் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனால் மட்டும் விடாதீர்கள். உருக்கிவிட்டால் பழையபடி நகையாகத் திரும்பாது என்பதால், என்ன விலைக்கு எடுப்பார்கள் என்பதை அதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

இப்போது நான் வழுக்கிய இடம். கணக்குக்கு வசதியாக 24 காரட் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 22 காரட் 9,160. உங்களிடம் 16 கிராம், டச் 88. சரியான கணக்கு:

16 × 0.88 × 10,000 = 1,40,800

எனக்குப் போட்ட கணக்கு:

16 × 0.88 × 9,160 = 1,28,973

பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் 22 காரட் விலையே 91.6 விழுக்காட்டுக்குப் போட்டதுதான், செம்புக்கான 8.4 அதிலேயே கழிந்துவிட்டது. அதன்மேல் இன்னொரு முறை 88ஆல் பெருக்கினால் ஒரே செம்புக்கு இரண்டு தடவை காசு கழிகிறது. ஏறக்குறைய 12,000 ரூபாய், ஒரு கிராம் தங்கத்துக்கு மேல்! டச் போட்டுக் கணக்கிட்டால் 24 காரட் விலைதான். 22 காரட் விலையில்தான் போடுவேன் என்றால், 88ஐ 91.6ஆல் வகுத்துப் பெருக்கச் சொல்லுங்கள். இதற்குப் பிறகு கடைக்காரர் தன் லாபத்துக்கு ஒன்றிரண்டு விழுக்காடு கழித்தால் அது நியாயம். அதை வாய்விட்டுச் சொல்லிக் கழிக்கட்டும்.

ஆதார், பான் கையில் இருக்கட்டும். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் விடாது. சிறு தொகையானாலும் வங்கிக் கணக்கில் வாங்குவதே என் வழக்கம். சீட்டில் எடை, கழிவு, டச், விலை நான்கும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

பின்சேர்க்கை: “விற்காமல் மாற்றினால் லாபமா?” என்று பலர் கேட்டுவிட்டார்கள். மாற்றும்போது பழசுக்குக் கழிவே இல்லை என்பார்கள். ஆனால் புதுசுக்குச் சேதாரம் உண்டு. 3% ஜிஎஸ்டியும் வித்தியாசத் தொகைக்கு மட்டும் அல்ல, புது நகையின் முழு விலைக்கும். உண்மையிலேயே புது நகை தேவை என்றால் மாற்றுங்கள்.

இன்னொன்று, வங்கியில் வாங்கிய தங்க நாணயத்தை வங்கி திரும்ப எடுக்காது. அதையும் கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். உறையைப் பிரிக்காமல், பில்லோடு.