மெராபி பாறையில் தண்ணீரின் தடம்: விரிதாளில் நீங்களே வரைந்து பார்க்கலாம்

எரிமலை வரையச் சொன்னால் எல்லோரும் ஒரு கூம்பு போட்டு உச்சியில் புகை விடுவோமே, அதுதான் அடுக்கு எரிமலை. ஜாவாவின் மெராபி அந்த வகை. அதன் மாக்மா எதனால் உருகியது என்பதைப் பாறையின் வேதியியல் எண்களை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்று படித்துவிட்டு உட்கார்ந்தேன். மூன்று மாலைகள் போயின. காரணம், விட்டுப்போன ஒரு பெருக்கல். அந்த இடத்துக்கு வரும்போது மெதுவாகப் போகலாம். விரிதாளில் சூத்திரம் போடத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: தரவு எடுப்பது

ஜெர்மனியின் கட்டிங்கன் பல்கலைக்கழகம் நடத்தும் ஜியோராக் தரவுத்தளம் இலவசம். அதில் புவித்தட்டுகள் ஒன்றின் அடியில் ஒன்று செருகும் விளிம்புகளுக்கான தொகுப்பில் சுமத்ரா, ஜாவா வழியாகப் போகும் எரிமலை வரிசையான சுந்தா வளைவை எடுத்து, மெராபியை மட்டும் வடிகட்டுங்கள். ஒரு எச்சரிக்கை: சுமத்ராவில் மராபி என்று இன்னொரு எரிமலை இருக்கிறது. பெயரை நம்பாமல் அட்சரேகையைப் பாருங்கள். நமக்கு வேண்டியது ஏறக்குறைய 7.5 டிகிரி தெற்கு. மராபி நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

படி 2: சுத்தம் செய்வது

சூடாக்கினால் இழக்கும் எடை 2 சதவீதத்துக்கு மேல் உள்ள மாதிரிகளை நான் தூக்கிவிடுவேன். ஜாவா மழையில் ஊறி உருமாறிய பாறைகளாக இருக்கலாம். அப்புறம் ஆக்சைடுகளைக் கூட்டுங்கள். மொத்தம் 108 வந்தால் பயப்பட வேண்டாம், இரும்பை இரண்டு முறை கூட்டியிருப்பீர்கள். ஃபெரிக், ஃபெரஸ் என இரண்டு வடிவத்திலும் மொத்த இரும்பைத் தந்திருப்பார்கள். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஃபெரிக் மட்டும் இருந்தால் 0.8998 ஆல் பெருக்கினால் ஃபெரஸ் அளவு வரும். கடைசியாக, நீரை விட்டுவிட்டு மீதியை 100க்குச் சரிசெய்யுங்கள்.

படி 3: பாறைக்குப் பெயர் வைப்பது

ஒரு படம் போடுங்கள்: கிடையாக சிலிக்கா (சிலிக்கான் ஆக்சைடு) சதவீதம், செங்குத்தாக சோடியம், பொட்டாசியம் ஆக்சைடுகளின் கூட்டுத்தொகை. சிலிக்கா 52 வரை பசால்ட், 52 முதல் 57 வரை பசால்டிக் ஆண்டிசைட், 63 வரை ஆண்டிசைட், அதற்கு மேல் டேசைட். மெராபி பெரும்பாலும் 55ஐ ஒட்டி விழும். சில புள்ளிகள் கொஞ்சம் மேலேறிப் பக்கத்துக் கட்டத்துக்குள் போனாலும் தவறில்லை, அங்கே பொட்டாசியம் அதிகம்.

கூம்பு வடிவம் என்றாலே ஆண்டிசைட் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஃபூஜி அழகான கூம்புதான், ஆனால் பெரும்பகுதி பசால்ட். இந்தப் படம் பெயரைச் சொல்லும், பிறப்பைச் சொல்லாது.

படி 4: சிலந்தி வரைபடம் (நான் வழுக்கி விழுந்த இடம்)

நுண்ணளவில் இருக்கும் ஒவ்வொரு தனிமத்தையும் நடுக்கடல் முகட்டு பசால்டில் (கடலடியில் தட்டுகள் விலகும் இடத்தில் பிறக்கும் பாறை) அது இருக்கும் அளவால் வகுத்து, லாக் அளவுகோலில் வரிசையாக வைக்க வேண்டும். வகுக்கும் எண்களுக்கு சன், மெக்டொனோ இருவரின் 1989 பட்டியல் போதும். பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) கணக்கில் பேரியம் 6.3, நயோபியம் 2.33, பொட்டாசியம் 600, லாந்தனம் 2.5, ஈயம் 0.3, ஸ்ட்ரான்சியம் 90, டைட்டானியம் 7600. வரிசையை மாற்றாதீர்கள். மாற்றினால் மேடும் பள்ளமும் அர்த்தமிழந்துவிடும்.

என் முதல் படத்தில் பொட்டாசியம் கிணற்றுக்குள் விழுந்ததுபோல் கிடந்தது. ஆழத்தில் மைக்கா கனிமம் பொட்டாசியத்தைப் பிடித்துவைத்திருக்கிறது என்று ஒரு பக்கக் குறிப்பு வேறு எழுதிவிட்டேன்! மூன்றாம் மாலைதான் டைட்டானியமும் பாஸ்பரஸும் அதே கிணற்றில் கிடப்பது கண்ணில் பட்டது. மூன்றுக்கும் பொது என்ன? மூன்றும் தரவில் ஆக்சைடாக, சதவீதத்தில் இருக்கின்றன. மற்றவை தனிமமாக, பிபிஎம்மில்.

எனவே பொட்டாசியம் ஆக்சைடு சதவீதத்தை 8301 ஆலும், டைட்டானியம் ஆக்சைடை 5995 ஆலும், பாஸ்பரஸ் ஆக்சைடை 4364 ஆலும் பெருக்குங்கள். பொட்டாசியம் ஆக்சைடு 2.1 என்றால் 17,432 பிபிஎம். 600 ஆல் வகுத்தால் 29 மடங்கு. பெருக்காமல் வகுத்தால் 0.0035. என் கிணறு அதுதான்.

சரி, வெற்றுக் கட்டங்களை விரிதாள் பூஜ்யமாக எடுத்துக்கொண்டாலும் லாக் அளவுகோல் குழம்பும். அவற்றை வெற்றாகவே விடுங்கள்.

கருவி பற்றி: லிப்ரே ஆபிஸ் கால்க் என்ற இலவச விரிதாள் தாராளமாகப் போதும். பைத்தான் பழகியவர்களுக்கு பைரோலைட் தொகுப்பு நன்றாக இருக்கிறது. ஆனால் முதல் படத்தைக் கையால் போடுங்கள். நிரல் தானாகவே அலகு மாற்றித் தந்திருந்தால் எனக்கு இது புரிந்தே இருக்காது.

படி 5: படத்தைப் படிப்பது

இப்போது பேரியம் எண்பது மடங்கு அளவில் நிற்கும், ஈயம் ஊசியாக மேலேறும், ஸ்ட்ரான்சியமும் தூக்கலாக இருக்கும். நடுவில் நயோபியமும் டான்டலமும் இரண்டு மடங்கு அளவில் பள்ளமாகக் கிடக்கும்.

உராய்வில் தட்டு உருகி மேலே வருகிறது என்று நானும் வெகுநாள் நம்பினேன். உண்மையில், இந்தியப் பெருங்கடல் தரை ஜாவாவின் அடியில் செருகும்போது அழுத்தமும் வெப்பமும் ஏறி, அதன் கனிமங்கள் பிடித்துவைத்திருந்த நீரைக் கக்குகின்றன. அந்த நீர் மேலே உள்ள மேன்டிலுக்குள் (புவியோட்டுக்குக் கீழே உள்ள பாறை அடுக்கு) ஏறுகிறது. ஏறும்போது பேரியம், பொட்டாசியம், ஸ்ட்ரான்சியம், ஈயம் போன்ற கரையக்கூடியவற்றை அள்ளிக்கொண்டு போகிறது. நயோபியமும் டான்டலமும் நீரில் எளிதில் கரையாதவை. ரூட்டைல் போன்ற கனிமம் அவற்றைக் கீழேயே இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் பள்ளம்.

நீர் சேர்ந்ததும் மேன்டில் உருகத் தொடங்கும் வெப்பநிலை பல நூறு டிகிரி இறங்குகிறது. வெல்லத்தை வெறும் சட்டியில் இளக்குவதற்கும் கொஞ்சம் தண்ணீர் தெளித்து இளக்குவதற்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. (அது கரைதல், இது உருகுதல் என்று வேதியியல் ஆசிரியர்கள் சண்டைக்கு வரலாம்.)

அங்கே பிறப்பது பசால்ட் குழம்பு. மேலேறும் வழியில் படிகங்கள் பிரிந்து, புதுக் குழம்பு வந்து கலந்து, சுற்றுப் பாறையையும் தின்று அது ஆண்டிசைட் பக்கம் நகர்கிறது. மெராபியின் அடியில் சுண்ணாம்புப் பாறை இருக்கிறது. வெந்து உருமாறிய அதன் துண்டுகள் எரிமலைக்கற்களுக்குள்ளேயே கிடைத்திருக்கின்றன.

ஆனால் இந்தப் படத்தை வைத்து வெடிப்பின் மூர்க்கத்தை ஊகிக்காதீர்கள். 350க்கும் மேற்பட்டோர் இறந்த 2010 வெடிப்பின் பாறையும், அதைவிடச் சிறிய 2006 வெடிப்பின் பாறையும் முழுப்பாறை வேதியியலில் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

பின்சேர்க்கை

மெராபி ரயோலைட்டாக (டேசைட்டைவிடவும் சிலிக்கா அதிகமான பாறை) வருகிறதே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவர் முழுப்பாறையோடு கண்ணாடியின் பகுப்பாய்வையும் சேர்த்துவிட்டார். படிகங்கள் சிலிக்கா குறைந்தவற்றை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சும் திரவம் உறைந்ததுதான் கண்ணாடி, அதில் சிலிக்கா மிக அதிகம். பொருள் வகை நெடுவரிசையில் முழுப்பாறையை மட்டும் வடிகட்டுங்கள்.

இன்னொருவருக்கு டான்டலம் பள்ளத்துக்குப் பதில் மேடாக வந்தது. டங்ஸ்டன் கார்பைடு அரைவையில் பொடித்த மாதிரிகளில் அரைவையிலிருந்தே டான்டலம் ஒட்டிக்கொள்வதுண்டு. அப்படிச் சந்தேகம் வந்தால் நயோபியத்தை மட்டும் நம்புங்கள்.

சூத்திரங்கள் சரியா என்று பார்க்க, அதே விரிதாளில் ஹவாயின் கிலாவேயா தரவை ஒட்டுங்கள். அங்கே தட்டு எதுவும் செருகவில்லை. நயோபியம் பள்ளம் வரக்கூடாது, ஈயமும் மேடாக நிற்காமல் கீழே இறங்க வேண்டும். கிலாவேயாவிலும் மெராபியின் படமே வந்தால் படி 4க்குத் திரும்புங்கள்.