சைலன்சர் சூட்டில் கரண்ட்: கோட்டை விடும் இடங்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளைகள் கடைசி வருடப் புராஜெக்ட்டுக்கு விரும்பி எடுக்கும் தலைப்பு இது: பைக் சைலன்சரில் வீணாகும் வெப்பத்திலிருந்து மின்சாரம். தலைப்பு அருமையானது. பெட்ரோலில் உள்ள ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகையோடு போய்விடுகிறது. ஆனால் முக்கால்வாசிப் பேர் சூட்டைக் கரண்ட்டாக்கும் தகட்டின் (தெர்மோஎலக்ட்ரிக் மாட்யூல்) சூடான பக்கத்தை மட்டுமே யோசிக்கிறார்கள். வேலை கெடுவது குளிர்ந்த பக்கத்தில்.

தெர்மோஎலக்ட்ரிக் மாட்யூலுக்கு வெறும் சூடு போதாது. இரண்டு பக்கத்துக்கும் வெப்பநிலை வித்தியாசம் வேண்டும். 1821இல் இயற்பியலாளர் சீபெக் கண்ட விளைவு அதுதான். வித்தியாசம் இரட்டித்தால் கிடைக்கும் வாட் கிட்டத்தட்ட நான்கு மடங்காகும். ஒரு பக்கம் 200 டிகிரி, மறுபக்கம் 150 என்று இருப்பதைவிட, 150க்கு 50 என்று இருப்பது எவ்வளவோ மேல்.

ஷெட்டில் வண்டியை நிறுத்தி ஐடிலில் ஓடவிட்டால் நடப்பதைப் பாருங்கள். மல்டிமீட்டரில் வோல்ட் மளமளவென்று ஏறும். அப்புறம் மெதுவாக இறங்கத் தொடங்கும். மாட்யூல் போய்விட்டது என்று உடனே கழற்றுவார்கள். மாட்யூலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது; மேலே ஒட்டிய சின்ன ஹீட்சிங்க்கும் (சூட்டைக் காற்றில் விடும் இதழ் வைத்த உலோகத் துண்டு) சூடேறியிருக்கும். மே மாதக் கடலூரில் காற்றே 38, 40 டிகிரி. பெரிய ஹீட்சிங்க்கோ தண்ணீர் ஓடும் அலுமினிய பிளாக்கோ இல்லாமல் இறங்காதீர்கள். ஃபேன், பம்ப் வைத்தால் அவை தின்னும் கரண்ட்டைக் கழித்துத்தான் கணக்கு எழுத வேண்டும்.

அடுத்தது, மாட்யூல் வாங்குவது. விலை குறைவு என்று குளிரூட்டும் பெல்டியர் மாட்யூலை வாங்கிவிடுகிறார்கள். அதில் பலவற்றின் உள்ளே இருக்கும் ஈயப்பற்று 138 டிகிரியிலேயே உருகும். இன்ஜினிலிருந்து சைலன்சருக்கு வரும் வளைந்த பெண்ட் பைப் அதைவிட மிக அதிகமாகச் சூடாகும். மின் உற்பத்திக்கென்றே செய்த பிஸ்மத் டெல்லுரைடு மாட்யூல்கூட சுமார் 250 டிகிரிக்கு மேல் நெடுநேரம் தாங்காது. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் வெப்பநிலையை அளந்துவிடுங்கள்.

வாட் கணக்கில் ஒரு பெரிய ஏமாற்றம் உண்டு. லோடு இல்லாமல் 4 வோல்ட், ஷார்ட் செய்தால் 0.6 ஆம்பியர், பெருக்கி 2.4 வாட் என்று ரிப்போர்ட்டில் எழுதுகிறார்கள். உண்மையில் அதிகபட்சம் அதில் கால் பங்கு, 0.6 வாட். லோடின் தடை மாட்யூலின் உள்தடைக்குச் சமமாக இருந்தால்தான் அதுவும் கிடைக்கும். அதைத் தடுமாறாமல் சொல்லுங்கள். சின்ன எண்ணில் வெட்கப்பட எதுவுமில்லை. இந்த மாட்யூல்களின் திறனே நூற்றுக்கு ஐந்தை ஒட்டித்தான்.

சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை அப்பாமல் மெல்லிசாகத் தடவுங்கள். இறுக்கும் போல்ட் வழியாகவே சூடு குளிர்ந்த பக்கத்துக்குத் தாவும் என்பதால் சூடு கடத்தாத வாஷர் போடுங்கள்; அழுத்தம் சீராக இருக்க ஸ்பிரிங்கும் போடுங்கள்.

புகை வழியைக் குறுக்காதீர்கள். பின்னழுத்தம் கூடி மைலேஜ் விழுந்தால் கிடைத்த கரண்ட்டைவிட அதிக பெட்ரோல் செலவாகும். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்டருக்கு முன்னால் வெப்பத்தை எடுக்கவும் கூடாது. அது வேலை செய்யவே சூடு வேண்டும். மாட்யூல் அதற்குப் பின்னால்தான்.

துறைமுகப் பக்கம், கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் என்றால் உப்புக் காற்றையும் கணக்கில் எடுங்கள். ஹீட்சிங்க் இதழ்களில் வெள்ளையாகப் பூத்துக்கொள்ளும், ஒயர் முனைகள் பச்சை பிடிக்கும். முனைகளைச் சிலிகோன் பசை வைத்து மூடி, இதழ்களை நல்ல தண்ணீரில் அவ்வப்போது கழுவினால் போதும்.