முதல் டிரில் வாங்கப் போகிறீர்களா? மலிவானதே போதுமா?

வெளிநாட்டில் குடியேற வந்து இறங்கிய முதல் மாதத்திலேயே டிரில் தேவைப்படும். கட்டிலும் மேசையும் தட்டையான பெட்டிகளில் துண்டு துண்டாக வந்து சேரும். திரைச்சீலைக் கம்பி மாட்ட வேண்டும், கண்ணாடி தொங்கவிட வேண்டும். ஆளைக் கூப்பிடலாமே என்று விசாரித்தால், அவர் கேட்கும் கூலியில் டிரில்லையே வாங்கிவிடலாம் போலிருக்கும். சரி என்று கடைக்குப் போனால், பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் பேட்டரி டிரில்கள் விலையில் மட்டும் மலைக்கும் மடுவுக்குமாக நிற்கும்.

என்னைக் கேட்டால், மலிவானதையே வாங்குங்கள். காங்கிரீட் சுவர் குறுக்கே வராதவரை அது போதும்.

விலை கூடிய டிரில்லில் தேய்ந்துபோகும் கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார் இருக்கும், பல்சக்கரங்கள் உறுதியாக இருக்கும், நாள் முழுக்க ஓட்டினாலும் சூடேறி நிற்காது. தச்சருக்கு அது வேண்டும். வருடத்தில் பத்து நாள் டிரில்லைக் கையில் எடுப்பவருக்கு எதற்கு? பெட்டியில் முறுக்குவிசை, அதாவது திருகும் பலம், 30 நியூட்டன் மீட்டர் என்ற அளவில் போட்டிருந்தால், வீட்டுச் சாமான்களைப் பூட்டவும் மரத்தில் ஸ்க்ரூ இறக்கவும் தாராளம்.

வோல்ட் கணக்கில் குழம்ப வேண்டாம். 18 வோல்ட், 20 வோல்ட் என்று இரண்டு பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், பெரும்பாலும் இரண்டும் ஒன்றுதான். உள்ளே ஐந்து லித்தியம் செல்கள். செல்லுக்கு 3.6 வோல்ட் என்று கணக்கிட்டால் 18, முழு சார்ஜில் ஏறக்குறைய 4 என்று கணக்கிட்டால் 20. அதேபோல் 10.8-ம் 12-ம் ஒன்றே. சின்ன வீட்டுக்கு 12 வோல்ட் டிரில் எடையும் குறைவு, அலமாரிக்குள் கையை விட்டு வேலை செய்யவும் வசதி.

மலிவு டிரில்லில் உண்மையாகவே மட்டமாக இருப்பது, கூடவே இலவசமாகத் தரும் பிட்கள்தான், அதாவது டிரில்லின் வாயில் மாட்டும் முனைகள். இரண்டு ஸ்க்ரூ முடுக்குவதற்குள் முனை மழுங்கிவிடும். மிச்சம் பிடித்த பணத்தில் நல்ல பிட்களாக வாங்கிக்கொள்ளுங்கள். மரத்துக்கு ஒன்று, உலோகத்துக்கு ஒன்று, சுவருக்கு ஒன்று என்று தனித்தனியாக வேண்டும். ஸ்க்ரூ தலையையும் உற்றுப் பாருங்கள். கூட்டல் குறியின் கைகளுக்கு இடையே மெல்லிய நான்கு கோடுகள் தெரிந்தால் அது போசிடிரைவ், தெரியாவிட்டால் பிலிப்ஸ். ஒன்றின் பிட்டை மற்றதில் வைத்தால் வழுக்கி வழுக்கித் தலையைத் தேய்த்துவிடும். பழி டிரில்மேல் விழும்.

அப்புறம், பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக்குக்குப் பின்னால் எண்கள் போட்ட வளையம் இருக்கிறதே, அது அலங்காரத்துக்கு இல்லை. குறிப்பிட்ட இறுக்கம் வந்ததும் கிளட்ச் கழன்று கடகடவென்று சத்தம் போடும். ஸ்க்ரூ முடுக்கும்போது சின்ன எண்ணில் தொடங்கி, போதவில்லை என்றால் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். நான் முதல் அலமாரியைப் பூட்டியபோது வளையத்தைத் துளை போடும் குறியிலேயே விட்டுவிட்டேன். கீல் உட்கார வேண்டிய இடத்தில் மரத்தூள் பலகை பொடிந்து கையோடு வந்தது.

இனி சுவர். முதலில் வீட்டு உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். முன்பணத்தில் கைவைக்க ஓட்டைகள் நல்ல சாக்கு. மிகப் பழைய கட்டடம் என்றால் சுவரிலோ கூரையிலோ, தூள் மூச்சில் போனால் கேடான ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், கேட்காமல் துளைக்காதீர்கள். ஸ்விட்சுக்கும் பிளக் பாயிண்டுக்கும் நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில் எங்கும் பிட்டை வைக்க வேண்டாம், உள்ளே வயர் ஓடும்.

பிறகு விரலால் தட்டிப் பாருங்கள். டொக் டொக் என்று வெற்றொலி வந்தால் அது ஜிப்சம் பலகை. கனம் ஒன்றேகால் சென்டிமீட்டர் அளவுதான் இருக்கும், எந்த டிரில்லும் வெண்ணெய்போல இறங்கும். ஆனால் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளத் துளைக்குள் செருகும் பிளக் இருக்கிறதே, செங்கல் சுவருக்கான சாதாரண பிளக்கை அதில் செருகினால் பிடிக்காது. ஜிப்சத்துக்கென்றே, பின்பக்கம் விரிந்துகொள்ளும் பிளக்குகள் உண்டு. சாமான் வைக்கும் கனமான தட்டு மாட்டுவதென்றால் பலகைக்குப் பின்னால் உள்ள சட்டத்தைத் தேடிப் பிடித்து அதில் ஸ்க்ரூ இறக்குங்கள். சட்டங்கள் பெரும்பாலும் 40 அல்லது 60 சென்டிமீட்டர் இடைவெளியில் நிற்கும்.

செங்கலில், சுத்தியல் படம் போட்ட குறி இருந்து அதற்கு மாற்றினால் மலிவு டிரில்லும் ஒப்பேற்றிவிடும், கொஞ்சம் மெதுவாக. காங்கிரீட்டில்தான் சாயம் வெளுக்கும். இந்தச் சுத்தியல் வசதி, பல் வைத்த இரண்டு தட்டுகள் உரசி எழுப்பும் அதிர்வு மட்டுமே. பெரிய டிரில்கூட இதே முறையில்தான் அதிரும் என்பதால், காங்கிரீட்டுக்காக விலை கூடிய பேட்டரி டிரில் வாங்குவதிலும் பெரிய பலன் இல்லை. அதற்கு எஸ்.டி.எஸ். என்ற தனி வகைப் பிட் மாட்டும் ரோட்டரி ஹேமர் வேண்டும். அதற்குள் பிஸ்டன் ஒன்று காற்றை அழுத்தி நிஜமாகவே அடிக்கும். ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள், அல்லது தெரிந்தவரிடம் இரவல் கேளுங்கள்.

வாங்கும்போது பேட்டரியையும் யோசியுங்கள். ஒரு கம்பெனி பேட்டரி பொதுவாக இன்னொன்றின் டிரில்லில் பொருந்தாது. தனி பேட்டரி கிடைக்காத பெயர் தெரியாத டிரில், பேட்டரி செத்த அன்றே குப்பை. பழையது வாங்கினால், லித்தியத்துக்கு முந்தைய காலத்து நிக்கல் காட்மியம் பேட்டரி உள்ளதைத் தவிர்த்துவிடுங்கள்.

வேறு நாட்டில் வாங்கிய டிரில்லைக் கொண்டுவந்திருந்தால், சார்ஜரின் அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 230 வோல்ட் மட்டும் என்றிருந்தால் 120 வோல்ட் நாட்டில் பிளக் அடாப்டர் மாட்டியும் வேலை செய்யாது. குளிர்நாட்டில் பேட்டரியைக் கராஜில் போட்டு வைக்காமல் வீட்டுக்குள் வையுங்கள், உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியை சார்ஜ் செய்யக் கூடாது. விமானத்தில் எடுத்துப்போவதானால் பேட்டரியைக் கழற்றி, முனைகளில் டேப் ஒட்டி, கைப்பையில் வையுங்கள். வோல்ட்டை ஆம்பியர் ஹவரால் பெருக்கினால் வாட் ஹவர். 18 வோல்ட், 2 ஆம்பியர் ஹவர் என்றால் 36. 100 வாட் ஹவர் வரை பொதுவாக அனுமதி உண்டு. டிரில் உடலையும் பிட்களையும் செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள்.