கொண்டை ஊசி வளைவில் லோரா ஏபிஆர்எஸ்: டிராக்கரில் மாற்ற வேண்டியவை

நீலகிரிப் பாதைகளில் லோரா டிராக்கரோடு (குறைந்த சக்தியில் தொலைதூரம் எட்டும் லோரா ரேடியோ வழியே, ஏபிஆர்எஸ் முறையில் வண்டியின் இருப்பிடத்தை அனுப்பும் கருவி) வண்டி ஓட்டும் ஹாம்கள் (அமெச்சூர் ரேடியோ உரிமம் பெற்றவர்கள்) முதலில் பார்க்க வேண்டியது ஸ்மார்ட் பீக்கனிங். வண்டி திரும்பும்போதெல்லாம் இருப்பிடத்தை அனுப்பும் வசதி அது. சமவெளியில் அருமையாக வேலை செய்யும். கல்லட்டி மலைப்பாதையின் 36 வளைவுகளில் அதுவே அலைவரிசையை அடைத்துவிடும். லோராவின் மிக மெதுவான அமைப்பான எஸ்எஃப் 12-இல், 125 கிலோஹெர்ட்ஸ் அலை அகலத்தில், 40 பைட் பாக்கெட் ஒன்றுக்கு ஏறத்தாழ 2 விநாடி. அதைக் கேட்ட டிஜிபீட்டர் (ரிலே நிலையம்) மறுபடி அனுப்ப இன்னொரு 2 விநாடி. தொட்டபெட்டா (2,637 மீட்டர்) போன்ற உச்சியில் ரிலே வைத்தால் சிக்கல் கூடும்: ஒன்றையொன்று கேட்காத இரண்டு வண்டிகளின் பாக்கெட்டுகள் அங்கே மோதி இரண்டுமே வீணாகும்.

அதனால் வளைவில் அனுப்பும் பாக்கெட்டுகளுக்கு இடையிலான குறைந்தபட்ச நேரத்தை 60 விநாடியாக்குங்கள். டிராக்கரின் 'பாத்' அமைப்பில், ஒரே ஒரு முறை ரிலே செய்யச் சொல்லும் வைட்1-1 மட்டும் போதும்.

பல ஃபர்ம்வேர்கள் (டிராக்கருக்குள் ஓடும் மென்பொருள்கள்) 433.775 மெகாஹெர்ட்ஸுடன் வருகின்றன. அது ஐரோப்பிய வழக்கம். நம் உரிமம் 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரைதான். உள்ளூர் ஹாம்களோடு பேசி அதற்குள் ஒன்றை முடிவு செய்து மாற்றிய பிறகே ஒலிபரப்புங்கள். ஆன்டெனா மாட்டாமல் ஆன் செய்யவே வேண்டாம், பவர் ஆம்ப்ளிஃபையர் போய்விடும்.

சோலாரில் ஓடும் ரிலேவுக்கு, குளிரில் சார்ஜை நிறுத்தும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் சுற்று) அவசியம். ஊட்டியில் உறைபனி விழுந்த காலையில் பேனல் வெயில் பட்டதும் சார்ஜ் ஏற்றத் தொடங்கும். 0 டிகிரிக்குக் கீழே இருக்கும் லித்தியம் செல் அதில் நிரந்தரமாகக் கெடும்.